கொடையும் கைம்மாறும்



ஒருவன் தன் சொந்தப் பொருளைப் பிறருக்குக் கொடுத்தான் என்பதற்காக அவனைச் சிறையில் அடைக்கலாமா? திருடினவனை அடைப்பார்கள். கொலை செய்தவனை அடைப்பார்கள். வாங்கின கடனைத் தீர்க்காதவனைக் கூட ஒரு காலத்தில் அடைத்ததுண்டு. ஆனால் பாடுபட்டுச் சேர்த்ததை, ஊராரைக் கூட்டி, விருந்து வைத்து, பங்கிட்டுக் கொடுத்தவனைப் பார்த்து, "நீ கொடுத்ததே குற்றம்" என்று தண்டித்த சட்டம் ஒன்று இவ்வுலகில் இருந்தது. அது ஏதோ ஒரு கொடுங்கோலனின் நாட்டில் அன்று; கிறிஸ்தவ நாடென்று பேர்பெற்ற கனடாவில். 1885-ம் ஆண்டு முதல் 1951-ம் ஆண்டு வரை, 66 ஆண்டுகள் அது அமலில் இருந்தது. அச்சட்டம் வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டுக்கொண்டவர்களில் வேதபோதகர்களும் இருந்தார்கள். அவர்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆகையால், தூர தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று இதைத் தள்ளிவிட நம்மால் இயலாது.

கொடுத்தவனுக்குச் சிறை கிடைத்தது எப்படி? இதை விசாரிக்கப் புகுந்தால், கொடை என்பது உண்மையில் என்ன என்ற கேள்விக்கே நாம் வந்து சேருவோம். அது குடும்பம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

போட்லாட்ச் என்னும் வைபவம்

கனடாவின் மேற்குக் கரையிலும், அதை அடுத்த அலாஸ்காக் கரையிலும், பசிபிக் மகா சமுத்திரத்தின் ஓரமாகப் பல ஆதிக்குடிகள் வாழ்ந்து வருகிறார்கள். ஹைடா, சிம்ஷியன், திலிங்கித், குவாகுவாகியவாக் என்பவை அவர்களிற் சிலருடைய பெயர்கள். அது ஓயாத மழையும், வானளாவிய கேதுரு மரங்களும், ஆறு நிறைய சால்மன் மீனும் உள்ள பூமி. வேனிற்காலத்தில் மீன் பிடித்து, உலர்த்தி, சேமித்து வைப்பார்கள். குளிர்காலம் வந்ததும் விருந்துகளும் நடனங்களும் ஆரம்பமாகும். அவற்றில் தலைசிறந்ததுதான் 'போட்லாட்ச்' எனப்படுவது. அந்தக் கரையில் பல மொழிக்காரரும் வியாபாரத்துக்காகப் பேசிவந்த சினூக் கலப்பு மொழியிலிருந்து இந்தப் பெயர் வந்தது. 'கொடுத்தல்' என்பதே அதன் பொருள்.

குழந்தைக்குப் பெயர் சூட்டும்போதும், விவாகத்தின்போதும், இறந்துபோன தலைவனின் இடத்துக்கு அவன் வாரிசு வரும்போதும், சித்திரக் கம்பம் நாட்டும்போதும் இந்த வைபவம் நடக்கும். ஒரு தலைவனும் அவன் குடும்பத்தாரும் பல ஆண்டுகளாகப் பொருள் சேர்ப்பார்கள். பின்பு மற்றக் குலத்தாரையெல்லாம் அழைப்பார்கள். அவரவர் அந்தஸ்தின்படி ஆசனம் உண்டு. அழைக்கும் முறை உண்டு. முன்னோர் கதை சொல்லப்படும். அக்குலத்துக்கே உரிய பாட்டும் முகமூடி நடனமும் நடக்கும். கடைசியாக, வந்தவர்கள் அனைவருக்கும் வெகுமதிகள் வழங்கப்படும். ஒரே பலகையை நீராவியில் வளைத்துச் செய்த கேதுருப் பெட்டிகள், ஊலிகன் என்னும் சிறு மீனிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெய், ஓடங்கள் முதலியவை பழைய வெகுமதிகள். 1849-ல் ஹட்சன் குடாக் கம்பெனியார் ரூபர்ட் கோட்டையைக் கட்டி வியாபாரம் தொடங்கிய பின்பு, அவர்கள் விற்ற கம்பளிப் போர்வைகளே கொடைக்கு அளவுகோலாயின. இவை எல்லாவற்றுக்கும் மேலானது கேடயம் போன்ற செப்புத் தகடு. ஒவ்வொரு பெரிய தகட்டுக்கும் தனிப் பெயர் உண்டு. கைமாறிய வரலாறு உண்டு. ஆயிரக்கணக்கான போர்வைகள் அதன் மதிப்பாகும்.

வைபவம் முடிந்தபின் கொடுத்தவனிடம் அநேகமாக ஒன்றும் மிஞ்சியிராது. ஆனால் ஊரார் கண்ணில் அவனே செல்வன். மிகுதியாக வைத்திருப்பவன் அங்கே பெரியவன் அல்லன். மிகுதியாகக் கொடுத்தவனே பெரியவன். கொடாமல் பூட்டிவைத்த தலைவனுக்குப் பெயர் இராது.

ஏன் கொடுத்தார்கள்?

இதற்குரிய காரணங்களை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, சாட்சி. அம்மக்களுக்கு எழுத்து இல்லை. பத்திரப் பதிவு இல்லை. இந்தப் பெயர் இன்னாருடையது, இந்த மீன்பிடி துறை இன்ன குலத்துக்கு உரியது, இன்னார் மகளை இன்னார் மணந்தார் என்பதற்கெல்லாம் ஆதாரம் எது? கூடியிருந்து கண்டவர்களின் ஞாபகமே ஆதாரம். விருந்தாளி வெகுமதியைக் கையில் வாங்கும்போது, "நான் கண்டேன், இதற்குச் சாட்சி சொல்வேன்" என்று ஏற்றுக்கொள்கிறான். வாங்கிய கை பிற்பாடு மறுத்துப் பேச முடியாது. இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். கித்சன், வெட்சுவெட்டன் என்னும் இரு குலத்தார் தங்கள் நிலத்துக்காகத் தொடுத்த வழக்கில், இத்தகைய விருந்துக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, பெயருக்குரிய கடமை. அங்கே பெரிய பெயர் என்பது அணிந்து மகிழும் ஆபரணம் அன்று. சுமக்க வேண்டிய பாரம் அது. பெயரைப் பெற்றவன் அதற்கு ஏற்பக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, பந்தம். இன்று வாங்கினவன் இன்னொரு நாள் தான் அழைப்பான், தான் கொடுப்பான். இப்படிக் குலத்துக்குக் குலம் பொருள் போய் வருகிற வரையில் உறவும் போய் வரும். பிரெஞ்சுப் பேராசிரியர் மார்செல் மோஸ் என்பவர் கொடையைப் பற்றி 1925-ல் வெளியிட்ட பேர்பெற்ற ஆராய்ச்சியில், இவ்வைபவத்தையும் இதைப்போன்ற பிற வழக்கங்களையும் ஒப்பிட்டு, மூன்று கடமைகள் அவற்றில் அடங்கியிருப்பதை எடுத்துக் காட்டினார்: கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திரும்பக் கொடுக்கும் கடமை. இவற்றுள் நடுவிலிருக்கும் வாங்கும் கடமையை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்பி வருவோம்.

தடைச் சட்டம்

சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் வேதபோதகர்களும் இந்த வைபவத்தைக் கண்டு கலங்கினார்கள். ஆண்டுக் கணக்காய் உழைத்ததை இரண்டொரு நாளில் அழிக்கிறார்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் விருந்துக்கு இழுத்துப் போகிறார்களே! தனக்கென்று சேமிக்க அறியாதவன் நாகரிகம் அடைவது எப்போது? இவ்வாறு எண்ணி, தடை வேண்டுமென்று மேதடிஸ்த், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க போதகர்கள் பலரும் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற சுதேசிகள் சிலரும் அதை ஆதரித்தார்கள். 1884-ல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வைபவத்தில் ஈடுபடுகிறவருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை என்பது அதன் விதி.

அவர்கள் கண்ட தீமைகள் அத்தனையும் கற்பனையென்று நான் சொல்லவில்லை. போட்டி மிஞ்சியபோது, எதிரியை அவமானப்படுத்தவே செப்புத் தகட்டை உடைத்ததும், எண்ணெயை நெருப்பில் கொட்டியதும் உண்டு. தற்புகழ்ச்சி உண்டு. பழங்காலத்தில் அடிமைகளையும் பொருளைப்போலக் கொடுத்ததுண்டு. இதையெல்லாம் நல்லதென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் போட்டி அவ்வளவு மிஞ்சியதற்கு வெளியிலிருந்து வந்த காரணங்களும் உண்டு. 1862-ல் பரவிய பெரியம்மை அந்தக் கரையில் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. பல பெயர்கள் வாரிசின்றி நின்றன. அதே காலத்தில் வியாபாரத்தால் போர்வைகள் மலிந்தன. ஆள் குறைந்து பொருள் பெருகினால் போட்டி பெருகுவது வியப்பா? சில ஆண்டுக் காட்சியை மட்டும் கண்டவர்கள், அதுவே ஆதிமுதல் இருந்த வழக்கமென்று முடிவு கட்டினார்கள். அங்கே நெடுநாள் தங்கி ஆராய்ந்த பிரான்ஸ் போவாஸ் என்னும் அறிஞர் அப்போதே இத்தடையை எதிர்த்து எழுதினார். கேட்டவர் சிலரே.

தடையினால் கொடை நின்றுவிட்டதா? இல்லை. புயற்காலத்தில், அதிகாரியின் படகு வரமுடியாத தீவுகளில் கூடினார்கள். கிறிஸ்துமஸ் வெகுமதி என்று பெயரிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. 1921-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், வில்லேஜ் தீவு என்னும் இடத்தில், டான் கிரான்மர் என்ற தலைவர் மிகப் பெரிய வைபவம் ஒன்றை நடத்தினார். ஓடங்கள், இயந்திரப் படகுகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், மாவு மூட்டைகள் எல்லாம் வழங்கப்பட்டன. செய்தி அதிகாரியின் காதுக்கு எட்டியது. 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒருவர் பேசினார், ஒருவர் நடனமாடினார், ஒருவர் வெகுமதிகளை எடுத்துக் கொடுத்தார். வழக்கைக் கிளப்பிய ஹாலிடே என்ற அதிகாரியே நீதிபதியாகவும் அமர்ந்தார். குலத்தாரின் முகமூடிகள், செப்புத் தகடுகள், கிலுகிலுப்பைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று சொல்லப்பட்டது. ஒப்படைத்த ஊரார் தப்பினார்கள். ஏறக்குறைய 20 பேர் ஓக்கலா சிறைக்குப் போனார்கள்.

ஒப்படைத்த பொருள்களை அலர்ட் பே என்ற ஊரில், ஆங்கிலிக்கன் கோவிலின் பங்கு மண்டபத்தில், பெஞ்சுகளின்மேல் பரப்பிவைத்து, கட்டணம் வசூலித்துக் காட்டினார்கள். பின்பு அவை ஒட்டாவா, டொராண்டோ முதலிய நகரங்களின் காட்சிசாலைகளுக்குப் போயின. ஒரு பகுதியை நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் விலைக்கு வாங்கினார். மேற்படி மண்டபத்தைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். சாட்சி சொல்வதற்காக இருந்த பொருள்கள், வேடிக்கை பார்ப்பதற்குரிய பொருள்களாய்ப் போயின.

ஓர் ஆட்சேபணை

இங்கே உங்களில் சிலர் கேட்கக்கூடும்: "சுவாமி, அவர்கள் கொடுத்ததைக் கொடை என்று எப்படிச் சொல்லலாம்? திரும்பி வருமென்று தெரிந்து கொடுப்பது வியாபாரம் அல்லவா? விருந்து செய்யும்போது, உனக்குக் கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளை அழை என்றல்லவோ சேசுநாதர் போதித்தார்?"

நல்ல கேள்வி. தர்மம் செய்கையில் கைம்மாறு கருதலாகாது என்பதில் சந்தேகமில்லை. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் என்பவரும், திருப்பித் தரவேண்டும் என்ற கருத்தின்றிக் கொடுப்பதே கொடை என்று இலக்கணம் கூறுகிறார். ஆனால் அவரே நன்றியறிதல் என்னும் புண்ணியத்தைப் பற்றி விசாரிக்கையில் மறுபக்கத்தையும் காட்டுகிறார். நன்மை பெற்றவனுக்குக் கைம்மாறு செய்யும் கடமை உண்டு. அது நீதிமன்றம் வசூலிக்கும் கடன் அன்று, மனச்சாட்சியின் கடன். ஆதலால் வாங்கிய உடனே அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுப்பது அழகன்று. அது, கடன் தலைமேல் இருக்கிறதே என்று தவிப்பவனின் மனம். தக்க காலம் வரும்வரை காத்திருந்து, கூடுமானால் பெற்றதற்கு மேலாகவே செய்ய வேண்டும் என்பது அவர் முடிவு.

பார்த்தீர்களா? காலம் தாழ்த்திக் கொடுப்பது, பெற்றதற்கு மேலாகக் கொடுப்பது என்ற இவ்விரண்டும் பசிபிக் கரையின் தலைவர்கள் வழக்கமாய்ச் செய்துவந்தவை அன்றோ! வட்டிக்கு வாங்கும் கடன் அவர்களிடத்திலும் இருந்தது. அதற்குக் கணக்கு வேறு. வைபவத்தில் கொடுத்தது வேறு. நம் கலியாண வீடுகளில் மொய் எழுதுகிற நமக்கு இந்த வேற்றுமை விளங்காமற் போகாது.

ஆகவே ஆட்சேபணைக்கு விடை இதுதான். கொடுப்பவன் கைம்மாறு கருதலாகாது. வாங்குபவன் கைம்மாறு மறக்கலாகாது. இவை ஒன்றுக்கொன்று முரணான இரு விதிகள் அல்ல. ஒரே உறவின் இரு பக்கங்கள். முதல் பக்கத்தை மட்டும் படித்தவன், கொடையென்றால் பொருளை இழப்பது என்று நினைப்பான். இரண்டையும் படித்தவன், கொடையென்றால் பந்தத்தை உண்டாக்குவது என்று காண்பான்.

வாங்கும் கடமை

இப்போது நடுவில் விட்டுவைத்த அந்தக் கடமைக்கு வருவோம். வேதபோதகர்கள் அம்மக்களுக்குப் பள்ளி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், அறிவுரை கொடுத்தார்கள். கொடுக்க அவர்களுக்கு மனமிருந்தது. ஆனால் அம்மக்கள் கொடுக்க வந்தபோது அவர்களில் அநேகருக்கு வாங்கத் தெரியவில்லை. "உன் கையில் எனக்கு வேண்டியது ஒன்றுமில்லை" என்பது, உதவி செய்யும் மனிதன் சொல்லக்கூடிய சொற்களில் மிகக் கடுமையானது. எப்போதும் கொடுப்பவனாகவே இருக்க விரும்புகிறவன், மற்றவனை எப்போதும் வாங்குகிறவனாகவே வைத்துவிடுகிறான். அது ஈகையின் உருவில் வரும் அகங்காரம். ஒரு குலத்தின் கொடுக்கும் உரிமையைப் பறிப்பது, அதன் பொருளைப் பறிப்பதைவிடப் பெரிய களவென்றே எனக்குத் தோன்றுகிறது. பொருள் போனவன் மறுபடி சம்பாதிப்பான். கொடுக்கும் உரிமை போனவன் பெரியவனாய் நிற்பது எப்படி?

1951-ல் சட்டம் திருத்தப்பட்டபோது தடை விதி விடப்பட்டது. எடுத்த பொருள்களைத் திருப்பித் தரும்படி அம்மக்கள் விடாது கேட்டார்கள். காட்சிசாலை ஒன்று கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஒன்றுக்கு இரண்டு கட்டினார்கள். 1979-ல் கேப் மட்ஜ் ஊரிலும், 1980-ல் அலர்ட் பே ஊரிலும் அவை திறக்கப்பட்டன. அலர்ட் பே நிலையத்துக்கு 'உமிஸ்தா' என்று பெயர். முற்காலத்தில் சண்டையில் சிறைப்பட்டுப் போனவர்கள் மீட்கப்பட்டு வீடு திரும்பினால், அவர்களுக்கு 'உமிஸ்தா' கிடைத்தது என்பார்களாம். முகமூடிகளையும் அவர்கள் சிறை மீண்டு வந்த உறவினரைப் போலவே வரவேற்றார்கள்.

நம் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். 1925-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசராயிருந்தபோது, வத்திக்கானில் வேதபோதகக் கண்காட்சி நடந்தது. அதற்காக உலகெங்குமிருந்து பொருள்கள் அனுப்பப்பட்டன. கனடாவின் ஆதிக்குடிகளுடைய பொருள்களும் அவற்றில் இருந்தன. அவை பாப்பரசருக்கு அளித்த வெகுமதிகள் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் தங்கள் சடங்குகளே குற்றமாயிருந்த காலத்தில், அதிகாரமுள்ளவன் கேட்கும்போது, "மாட்டேன்" என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்குமா என்று அவர்களுடைய சந்ததியார் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. மறுக்க முடியாதவன் கொடுத்ததை வெகுமதி என்று யார் சொல்வார்? பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஏழாம் கற்பனையைச் சேர்ந்த காரியம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2023-ல் இவ்விஷயமாகவே சொன்னார். 2025-ம் ஆண்டு நவம்பரில் பாப்பரசர் பதினான்காம் சிங்கராயர் 62 பொருள்களைக் கனடா மேற்றிராணிமார் கையில் கொடுத்து, உரிய குடிகளிடம் சேர்க்கச் செய்தார். அப்போதும் அதற்கு வெகுமதி என்றே பெயரிட்டார்கள். நியாயப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதற்கு வெகுமதி என்ற பெயர் பொருந்துமா என்று நீங்களே ஆலோசித்துக்கொள்ளுங்கள். எப்படியாயினும் நூறாண்டுக்குப் பிறகு பொருள்கள் வீட்டை நோக்கிப் புறப்பட்டன. அதற்காக மகிழ்வோம்.

நமக்கு

பிரியமானவர்களே, நம்மில் கொடுக்க மனமுள்ளவர்கள் பலர். ஏழை வீட்டுக்கு அரிசி கொண்டுபோகிறோம். பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருகிறோம். நல்லது. ஆனால் அந்த வீட்டுத் தாய், இருக்கிற பாலை ஊற்றிக் கலந்த ஒரு டம்ளர் காப்பியை நீட்டும்போது, "உங்களுக்கு ஏன் சிரமம்? வேண்டாம், வேண்டாம்" என்று எழுந்துவிடுகிறோம். நாம் அதை இரக்கம் என்று நினைக்கிறோம். அவளோ, தன் கை தாழ்ந்த கை என்று அன்று தெரிந்துகொள்கிறாள். இனி அப்படிச் செய்யவேண்டாம். உட்கார்ந்து குடியுங்கள். நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

வயதான தகப்பன் தன் சிறு வருமானத்தில் பேரனுக்கு ஒரு சட்டை வாங்கிவந்தால், "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு, அப்பா?" என்று கேட்காதீர்கள். வேலைக்காரப் பெண் பண்டிகை நாளில் தன் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்தால், அதை ஒதுக்கி வையாதீர்கள். உங்கள் மேசையில் வைத்து, உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

கொடுப்பதைப்பற்றி நமக்கு அநேக பிரசங்கங்கள் உண்டு. வாங்குவதைப்பற்றி மிகக் குறைவு. பசிபிக் கரையின் மக்கள் சிறைக்குப் போயும் கைவிடாத இந்தப் பாடத்தை நாமும் கற்றுக்கொள்வோமாக. அடுத்த முறை எளியவர் ஒருவர் உங்களுக்கு ஒன்றைக் கொடுக்க வரும்போது, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு.